பெயர் தெரியாதவனுக்கு ஒரு வரி

24 நவம்பர் 1971, புதன், ஆவடி

ஞானம்மாள் இன்று ஆலயத்து ஜெபப்பெட்டியில் சீட்டுப் போட்டாள். “என் மகன் சற்குணம், கிழக்கு எல்லை, பத்திரமாகத் திரும்ப.” ஞாயிறுதோறும் சீட்டுகளை நோட்டில் எழுதி ஆராதனையில் வாசிப்பது என் வேலை.

பட்டாளத்தில் சேரும் முன் அவன் என்னிடம் கேட்டது நினைவுக்கு வந்தது. “சார், எதிரிய நேசின்னு வேதத்துல கீது. அங்க சுடுன்றாங்கோ. நான் எதைக் கேக்கறது?”

நதிக்கரைக்கு வந்த போர்ச்சேவகரிடம் யோவான் ஸ்நானகன் வேலையை விடச் சொல்லவில்லையே என்றேன். கொடுமை செய்யாதே, சம்பளம் போதுமென்றிரு என்பதுதானே அவர் சொன்னது? அவன் முகம் தெளிந்தது. நல்ல விடை சொன்னதாக நினைத்துக்கொண்டேன்.

4 டிசம்பர், சனி

யுத்தம் தொடங்கிவிட்டது. டாங்கி தொழிற்சாலையில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுத் துலுக்கானம் வேலியருகே நின்று கத்தினான். “சார், நம்ப டாங்கி போயிகீது! இனிமே அவன் ஊட்ல அடுப்பு எரியாது!” பிறகு, “இன்னா சார், மூஞ்சி சுருங்கிப் போச்சு?”

என் வகுப்பில் இரண்டு பையன்கள் அடித்துக்கொண்டால் இரண்டு அம்மாக்களையும் வரச்சொல்வேன். அவர்கள் வந்து நின்றதுமே பாதிச் சண்டை அடங்கும். நாடுகள் அடித்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது?

5 டிசம்பர், ஞாயிறு

நோட்டில் நம் பிள்ளைகளின் பெயர்களுக்குப் பின் ஒரு வரி சேர்த்து வாசித்தேன்: “எதிர்ப்பக்கம் நிற்கிற பிள்ளைகளுக்காகவும்.”

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.

வாசற்படியில் ஞானம்மாள் மறித்தாள். “என் புள்ளைய சுடறவனுக்கா சார் ஜெபம்? நீங்க ஒண்ணு பெத்திருந்தா தெரியும்.”

எனக்குப் பிள்ளை இல்லை.

போதகரும் மெல்லச் சொன்னார்: “இப்போதைக்கு வேண்டாமே, ஐயா.”

12 டிசம்பர், ஞாயிறு

நம் பெயர்களை மட்டும் வாசித்தேன். ஆமென் கூரையைத் தொட்டது.

16 டிசம்பர், வியாழன்

டாக்காவில் எதிரிப்படை சரணடைந்துவிட்டது. வெடிச்சத்தம். துலுக்கானம் கையில் ஜிலேபி திணித்துவிட்டுப் போனான். “துன்னு சார், இன்னிக்காச்சும் சிரி!” தின்றேன். சற்குணம் வந்துவிடுவான்.

20 டிசம்பர், திங்கள்

ஞானம்மாளுக்குத் தந்தி. சற்குணம் போய்விட்டான். பத்தாம் தேதியே.

பத்தாம் தேதி. அப்படியானால் பன்னிரண்டாம் தேதி நான் என்னத்தை வாசிச்சேன்? நேத்து மறுபடியும் வாசிச்சேனே — பத்திரமாத் திரும்பன்னு? மண்ணுக்குள்ள கிடந்தவனுக்கு! அந்த ஆமென் எல்லாம் எங்கே போச்சு?

நான்தான் போகச் சொன்னேன்.

22 டிசம்பர்

எழுத ஒன்றும் இல்லை.

24 டிசம்பர், வெள்ளி

இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் எங்கள் சபையில் இல்லை. இறந்தவர் பெயரை நோட்டில் அடித்துவிட வேண்டும். பேனாவை எடுத்தேன். ஞானம்மாள் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“நான்தான் அவனைப் போகச் சொன்னேன், ஞானம்மா.”

“தெரியும் சார். லெட்டர்ல எழுதியிருந்தான். உங்கள ஒண்ணும் சொல்ல வரல.” நோட்டைப் பார்த்தாள். “அவன் பேர அடிச்சிடுங்க. அந்த இன்னொரு வரிய அடிக்காதீங்க.”

பேனாவை மூடினேன்.

“மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காதீங்க. சுட்டவன் நல்லா இருக்கட்டும்னும் வாய் வரல, சாவட்டும்னும் வரல. அவன் ஊடு போய்ச் சேர்ந்தானா? அவன் ஆத்தா இன்னா பண்ணுவா? யார்கிட்ட சார் போய்க் கேக்கறது?”

எனக்குத் தெரியாது என்றேன். முப்பத்தொரு வருஷம் பாடம் நடத்தியவன்; ஒரு உதாரணம்கூட வரவில்லை.

26 டிசம்பர், ஞாயிறு

சற்குணத்தின் பெயரை அடித்தேன். பெயர்களை வாசித்து முடித்ததும் எதிர்ப்பக்கத்து வரியை வாசித்தேன். ஆமென் இல்லை. மூன்றாவது பெஞ்சில் ஞானம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள். எழுந்து போகவில்லை.

ஆராதனை முடிந்ததும் போதகர், புதுவருஷத்திலிருந்து வேறொருவர் வாசிக்கட்டும் என்றார். சரி என்றேன்.

நோட்டின் முதல் பக்கத்தில், அடுத்து வாசிக்கப்போகிறவருக்கு இதை எழுதி வைத்திருக்கிறேன்:

நம் பிள்ளைகளின் பெயர்களை வாசித்து முடித்ததும், ஆமெனுக்கு முன், பத்து எண்ணும்வரை பேசாமல் நில்லுங்கள். பெயர் தெரியாத ஒருவனை அப்போது நினையுங்கள்.