கைய விட்டேன், விழல

14.9.97, ஞாயித்துக்கிழமை

தென்னமரத்துலேருந்து விழுந்தப்புறம் இன்னிக்குத்தான் தரைய விட்டு கால எடுத்தேன். காலு என்னிக்கோ ஆறிடுச்சு, பயந்தான் ஆறல. ஏறுனது மரமில்ல, சுவரு. நான் இஸ்திரி வண்டி போட்டிருக்கேனே, அடையாறுல, அதுக்கு எதுத்தாப்புல இருக்குற ஜிம்முல கட்டியிருக்காங்க. கட்டடத்துக்குள்ளயே மலை ஏறிப் பழகறதுக்காம். எங்க ஊர்ல மலை சும்மா கெடக்குது, ஆடுதான் ஏறும். சரி, அத விடு.

அங்க ஏறச் சொல்லிக் குடுக்குற மாஸ்டர் தம்பி, ஒரு தடவ ஏறிப் பாருங்கண்ணேன்னு கூப்புட்டு என் இடுப்புல பெல்ட்டு மாட்டி, கயித்த அவரு புடிச்சிக்கினாரு. ரெண்டு காலையும் சேத்து தளைக்கயிறு போட்டு மரம் ஏறுன பழக்கம் எனக்கு. அதே மாதிரி கால சேத்து வச்சு சுவத்தக் கட்டிப் புடிச்சேன். கட்டிப் புடிக்க அங்க என்னா இருக்கு? வழுக்கிட்டேன்.

"அண்ணே, அது தென்னமரமில்லண்ணே! ஒவ்வொரு காலா வைங்க."

அங்க பழக வந்த புள்ளைங்க சிரிச்சுதுங்க. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு.

அடுத்த தடவ பாதி ஏறிட்டேன். "இப்ப கைய விடுங்க, கயிறு தாங்கும்"ங்கறாரு. மரம் ஏறுறவன் கைய விடுவானா? கை விட்டுப்போயி விழுந்தவன் நான். கண்ண மூடிக்கினு விட்டேன். விழல. தூளியில புள்ள மாதிரி ஆடிக்கினு இருந்தேன்.

வூட்ல சொன்னதும் பொஞ்சாதி மொறச்சா.

"ஒரு தடவ ஒடச்சிக்கினது போதாதா?"

சோறு போட்டா. அப்புறம் கேட்டா, "கயிறு கெட்டியாய்யா?"

"கெட்டிதான்."

"அடுத்த ஞாயித்துக்கெழம நானும் வரேன். இழுத்துப் பாத்துட்டுதான் உன்ன ஏறவுடுவேன்."