எல்லாப் படத்திலும் மொட்டை

மே 5, திங்கள்

கத்திரி இரண்டாம் நாள். ஏழு மணிக்கே குழாயில் வெந்நீர்.

செய்ய வேண்டியவை: கேஸ் புக் பண்ண. தம்பியின் கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்க்க. மணப்பெண் நித்யாவின் ஜாக்கெட் துணி.

எதுவும் நடக்கவில்லை. எட்டேகாலுக்குத் தம்பி குளியலறையில் விழுந்தான். வலிப்பு. மூன்று வருடம் இல்லாமல் இருந்து, இன்று. நல்லவேளை, தாழ்ப்பாள் போடுவதில்லை. நாலு வயதில் இது ஆரம்பித்ததிலிருந்து உள்ள பழக்கம். ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அம்மா ஓடிவந்து அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தாள். இரும்பால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லி எத்தனை தடவை கேட்டாயிற்று. எந்தப் பூட்டுக்கும் சேராத ஆறு சாவிகள், இதற்காகவே வைத்திருப்பது.

கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம்.

சாயங்காலம் அடையாறு டாக்டர். மாத்திரையைக் கூட்டினார். கல்யாணம் தாராளமாகச் செய்யலாம், கட்டிக்கொள்கிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

"பொண்ணு வீட்ல சொல்லியாச்சா?"

"சொல்லிட்டோம் டாக்டர்." அம்மா.

தம்பி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் என் பையின் ஜிப்பை.

சொல்லவில்லை. யாருமே.

மே 6, செவ்வாய்

லீவு போட்டேன். தம்பி பகல் முழுக்கத் தூக்கம்.

டாக்டர் வீட்டு மீன்தொட்டி இன்னும் அதே மூலையில். மீன்கள்தான் வேறு. நேற்றிலிருந்து அதே நினைப்பு.

பள்ளிக்கூட நாட்களில் மே மாதம் என்றால் எனக்கு இதுதான்: மீன்தொட்டி, திருவான்மியூர் மருந்தீஸ்வரர், கடற்கரை, மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்க் கீற்று. இன்னொரு நாள் வடபழனி முருகன், பிறகு பஸ் பிடித்துப் பனகல் பார்க், கரும்புச்சாறு. ஞாயிறு மாலை கபாலி கோயில், அப்பா தோளில் தம்பி, குளத்துப் படியில் பொரி. லீவில் எங்கே போனாய் என்று டீச்சர் கேட்டால் பக்கம் பக்கமாக எழுதுவேன்.

பதினான்கு வயதில்தான் புரிந்தது, அதெல்லாம் வைத்தியம் என்று. மீன்தொட்டி, டாக்டருக்குக் காத்திருக்கும் இடம். மருந்தீஸ்வரர், பேரிலேயே இருக்கிறது. வடபழனியில் வருடா வருடம் தம்பியின் முடி. எங்களிடம் "வெயிலுக்கு" என்று சொன்னார்கள். கடற்கரை எனக்காக. பெண் முரண்டு பிடிக்காமல் கூட வரவேண்டுமே.

அலையில் அவனை விடமாட்டார்கள். நான் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை போவேன். அவன் மணலில் அம்மா மடியில், தலையெல்லாம் சந்தனம், கையில் முழு ஐஸ். எனக்குப் பாதிதான். அந்த ஐஸுக்காக எவ்வளவு பொறாமை. எனக்கும் மொட்டை போடுங்கள் என்று வடபழனி வாசலில் விழுந்து புரண்டிருக்கிறேன். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அப்பா போய் நாலு வருடம். அந்த நாட்களில் ஒன்றாவது வெறும் சந்தோஷத்துக்காக இருந்ததா என்று கேட்க இனி ஆளில்லை. அம்மாவிடம் கேட்க முடியாது.

மே 7, புதன்

தம்பி தரமணி ஆபீசுக்குப் போகத் தொடங்கிவிட்டான். நாக்கில் கடித்த புண், மோர் மட்டும்.

அவனிடம் பேசினேன். நானே அவளிடம் சொல்கிறேன், நேரம் பார்த்து, என்றான். நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய வாரமும் இதே வாக்கியம். வெள்ளிக்கிழமை நித்யா வருகிறாள், அதற்குள் நீ சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன் என்றேன்.

"சொல்லு," என்றான். கோபமா சம்மதமா, தெரியவில்லை.

அம்மா சமையலறையிலிருந்து: "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போகும். யாரும் எதையும் கிளற வேணாம்." உடனே மிக்ஸியைப் போட்டுவிட்டாள்.

நித்யா கே.கே. நகர்ப் பெண், மூன்றாம் வகுப்பு டீச்சர். பேசும்போது கையால் காற்றில் எழுதிக் காட்டுவாள். எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அதுதான் கஷ்டம்.

மே 9, வெள்ளி

வெயில் சொல்ல முடியாது. நித்யாவோடு தி.நகர், ஜாக்கெட் அளவு கொடுக்க. ஆட்டோக்காரர் பாதியிலேயே நிறுத்தினார். "கூட்டம் இன்னாமா கீது பாரு. உள்ள போனா வெளிய வர முடியாது. இங்கியே எறங்கிக்க."

தம்பி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன். ஜூஸ் கடையில் வாயைத் திறந்தேன். அவளுக்குப் போன் வந்தது.

பிறகு எங்கள் வீடு. தம்பி ஆபீசில். அம்மா பூ வாங்க மாடவீதி. இதைவிட நல்ல நேரம் அமையாது. பழைய ஆல்பம் இருக்கிறதா என்று அவளே கேட்டாள். கொடுத்தேன். சிரித்துச் சிரித்துப் புரட்டினாள்.

"என்னக்கா, எல்லா போட்டோலயும் இவர் மொட்டை?"

"வேண்டுதல்."

"வருஷா வருஷமா? அப்படி என்ன வேண்டுதல்?"

"வலிப்புக்கு," என்றேன். சொல்லியே விட்டேன்.

புரட்டுவது நின்றது. அவள் விரல் தம்பியின் படத்தின் மேல் இருந்தது. எடுத்துக்கொண்டாள். முகத்தில் அருவருப்பு இல்லை. பயம்.

"யாருக்குக்கா?"

"எனக்கு."

யோசித்துச் சொன்னதில்லை. அதற்கப்புறம் வாய் தானாகப் போனது. பெண் குழந்தைக்கு முடி எடுக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை, அதனால் எனக்காக அவன் தலை. பன்னிரண்டு வயதில் நின்றுவிட்டது. இப்போது ஒன்றுமில்லை.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "ஒரு நிமிஷம் அவருக்கோன்னு பயந்துட்டேன்க்கா. எங்க சித்தப்பாவுக்கு இருந்துச்சு. சித்தி பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்திருக்கேன். அவருக்குன்னா என்னால முடிஞ்சிருக்காது."

காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை என்பது பிறகுதான் நினைவு வந்தது. அப்படியே குடித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மே 10, சனி

மழை வரும்போல் இருட்டியது. வரவில்லை.

தம்பியிடம் சொன்னேன்.

"உனக்கு எப்போ நின்னுச்சுன்னு சொன்ன?"

"பன்னெண்டு வயசுல."

"நல்ல வயசு," என்றான்.

நானே அவளிடம் போய் உண்மையைச் சொல்கிறேன் என்பான் என்று காத்திருந்தேன். ஷூவுக்குப் பாலிஷ் போட்டான். இரண்டு ஜோடி.

படித்த புத்தகங்களில் கூடப்பிறந்தவனுக்காகப் பொய் சொல்கிறவளுக்கு ஒரு வெளிச்சம் விழும். நான் பயந்தேன், அவ்வளவுதான். அந்தப் பெண்ணை ஏமாற்றுகிறவர்கள் வியாழன் வரை இரண்டு பேர், நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன். இப்போது நானும்.

மே 12, திங்கள்

நித்யாவின் அம்மா போன். எங்கள் அம்மா எடுத்தாள். கூடத்தில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா முதலில் "யாருக்கு?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஆமாங்க. சின்ன வயசுல. இப்ப ஒண்ணுமில்ல." பிறகு, "சேச்சே, அவனுக்கு அதெல்லாம் கிடையாதுங்க."

வைத்துவிட்டு வந்து என் எதிரில் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அப்படியே இருக்கட்டும்," என்றாள்.

அரைமணி கழித்துத் தம்பியின் மாத்திரை டப்பாவை என் அலமாரியில் கொண்டுவந்து வைத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு நித்யா இந்த வீட்டில்தான் இருக்கப்போகிறாள். கண்ணில் பட்டால் என்னுடையது.

மே 13, செவ்வாய்

காலை மாத்திரைக்குத் தம்பி என் கதவைத் தட்டினான். தட்டுவது புதிது.

கல்யாணம் ஆன பிறகும் இங்கே வந்துதான் போட்டுக்கொள்வாயா என்று கேட்டேன்.

"அவ ஸ்கூலுக்கு ஏழரைக்கே கிளம்பிடுவா," என்றான்.

யோசித்து வைத்திருக்கிறான். ராத்திரி மாத்திரையைப் பற்றி நான் கேட்கவில்லை.

மே 15, வியாழன்

மூன்று மணிநேரம் கரண்ட் இல்லை. பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. பிழை ஒன்றுமில்லை.

அம்மா காலையில் சொல்லாமல் எங்கோ போனாள். பதினொன்றுக்கு முந்தானையெல்லாம் வியர்வையாக வந்தாள். மந்தைவெளி கல்யாணத் தரகர் வீடு. நித்யா ஜாதகத்தை எங்களுக்குக் கொண்டுவந்தவர். என் ஜாதகமும் ஆறு வருடமாக அவரிடம்தான்.

"உன் விஷயம் அவர் காதுக்கு எட்டி, அவரா திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி நாமளே வாங்கிட்டா மரியாதை," என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

என் ஜாதகம், மூன்று பிரதி. மூலைகளில் தடவிய மஞ்சள் அப்படியே இருக்கிறது. பீரோவில் பட்டுப்புடவைகளுக்குக் கீழே வைத்தாள்.

சாப்பிட வா என்றாள். போனேன்.