குழாயில் ஒட்டாமல் போன உன் புரதம்

செல்வி, என் அடங்காப்பிடாரியே,

போன இடத்திலாவது சொன்ன பேச்சைக் கேட்கிறாயா? உனக்குச் சொல்ல என்னிடம் நல்ல செய்தி இல்லை.

நம் கல்லூரி ஆய்வகத்தில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத காலம் அது. உன் புரதத்தை உண்டாக்க நீ வளர்த்த பாக்டீரியாவை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸ் ஃப்ரிட்ஜில் உறையவைத்தாயே. "ஊருக்கே கரண்ட் குடுக்கற எடம்டி, இங்க எப்பிடி நிக்கும்?" என்றாய். என் அம்மா கறி என்று எடுத்துவிடக் கூடாதென்று மூடியில் மண்டையோடு வேறு வரைந்தாய்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகும் டப்பா அங்கேயேதான் இருந்தது. அதிலிருந்து உன் புரதத்தைப் பிரித்தெடுத்துக் காட்டினால்தான் ஆய்வுக் கட்டுரையில் உன் பெயர் வரும் என்று நம் சார் சொல்லிவிட்டார். அதற்குள் அப்பா ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்கு வந்தோம். இங்கே கரண்ட் போனால் போனதுதான். டப்பா எத்தனை முறை உருகி உறைந்ததோ, யார் கண்டது?

நேற்று அதை உருக்கி, பாக்டீரியாவை உடைத்துக் கரைத்து, நிக்கல் ஏற்றிய மணிகள் நிரம்பிய குழாயில் ஊற்றினேன். உன் புரதத்துக்கு நீ ஒட்டிவைத்த வாலை அந்த மணிகள் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் வடிந்துவிட வேண்டும். "திருவிழாக் கூட்டத்துல அம்மாக்காரி எல்லாரயும் வுட்டுட்டு தம் புள்ளய மட்டும் புட்சிக்கினு நிப்பா இல்ல, அதாண்டி இது" என்பாய். நேற்று எதுவுமே நிற்கவில்லை, செல்வி. உருகி உருகியே வால் அறுந்து, புரதமும் சிதைந்திருக்கிறது. விதைக்கென்று வைத்திருந்த பாக்டீரியாவும் வளரவில்லை. முதலிலிருந்து செய்ய யாருக்கும் பொறுமை இல்லை. உன் பகுதி இல்லாமலேயே கட்டுரை போகிறது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வருகிறது. யார்மேல் என்று மட்டும் கேட்காதே.

இன்று காடாம்புலியூருக்குப் போனேன். உன் அம்மா, தோட்டின் எண்ணெய் சுடாமலிருக்கச் சாம்பல் பூசிய கையோடு முந்திரி உடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "எம் பொண்ணு பேரு வந்துடுச்சாம்மா?" என்றார். வராது என்றேன். அவள் செய்துவைத்தது கெட்டுப்போய்விட்டது, காப்பாற்ற முடியவில்லை என்றேன்.

கையிலிருந்த முந்திரியைக் கீழே வைத்தார். "அதுக்காச்சும் பெரிய ஆஸ்பத்திரி எதுவும் இல்லியாம்மா?" என்று கேட்டார்.

அவரை உட்காரவைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

இனி நல்லது சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லாவிட்டாலும், வாராவாரம் போய் அப்படியே உட்காருவேன். இது சத்தியம்.

உன் அம்மாவுக்கு மிச்சமிருக்கும் மகள்,
கவிதா