நீங்கள் கேட்காத கேள்வி

மேடம்,

இன்று காலை மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் கைக்குட்டையில் நீலகிரித் தைலம் விட்டு முகர்ந்தார். எப்போதும் அந்தத் தைலம் மணக்கும் உங்கள் அறை கண்முன் வந்துவிட்டது. சர்ச்சுக்குப் பின்புறம் இரண்டு நாற்காலி போட்ட அறை, சுவரில் சிலுவை, பக்கத்தில் நீங்கள் மனநல ஆலோசனை படித்த சான்றிதழ். நான் முதலில் பார்த்தது சிலுவையைத்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். ஆனைமலையில் மாசாணியம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது எங்கள் வேன் கவிழ்ந்தது. என் தங்கை கோமதியின் உயிர் என் மடியிலேயே போயிற்று. அதன்பின் வண்டிச் சத்தம் கேட்டாலே எனக்கு மூச்சடைக்கும். ஆஸ்பத்திரி டாக்டர் உங்களிடம் அனுப்பினார். உங்கள் சர்ச்சைப் போல என் வீடும் கோயமுத்தூரில்தான் என்பதால் வண்டி ஏறாமல் நடந்தே வந்தேன்.

"நல்லாப் பேசிப் பேசியே மதம் மாத்திப்போடுவாங்க. சூதானமா இரு கண்ணு," என்று அவிநாசியிலிருந்து வந்த அப்பா சொன்னார்.

சூதானமாகத்தான் இருந்தேன். 'உங்க சாமி உங்க தங்கச்சியக் காப்பாத்துச்சா?' என்று என்றைக்காவது கேட்பீர்கள், கேட்டதும் எழுந்து போய்விடலாம் என்று காத்திருந்தேன். நீங்களோ வேனில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன், கோமதி கடைசியாக என்ன பேசினாள் என்று கேட்டீர்கள். எனக்கு மூச்சு முட்டும்போது, "கால நல்லா ஊனிக்குங்க அம்மணி. இது கோயமுத்தூருங்க, வேன் இல்லீங்க," என்றீர்கள். அது உதவியது. உதவியதாலேயே சந்தேகம் அதிகமாயிற்று. இவ்வளவு பிரியம் எதற்கு?

ஒருநாள் வராந்தாவில் ஓர் அம்மா என் கையில் ஒரு நோட்டீஸைத் திணித்தார். "அந்தச் சாமி கைவிட்டுருச்சுல்ல? ஏசப்பா விடமாட்டாரு." நான் உள்ளே வந்து அதை உங்கள் மேசைமேல் வீசினேன்.

"இதுக்குத்தானுங்களா இத்தன நாளா?"

நீங்கள் வெளியே போனீர்கள். "அவங்க துக்கத்தோட வந்திருக்காங்க. இங்க யாருக்கும் இதக் குடுக்காதீங்க," என்று அந்த அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. இதுவும் நாடகமோ என்றுதான் நினைத்தேன்.

"எனக்காக ஜெபம் பண்றீங்களா?" என்று நேராகவே கேட்டேன்.

"தினமும் பண்றேனுங்க. பொய் சொல்ல மாட்டேன். அந்தத் தெம்புலதான் இந்த நாற்காலில உக்கார்றேன். ஆனா நீங்க கேக்காம உங்க முன்னால பண்ண மாட்டேன். சந்தேகம் வந்தா இப்படியே கேட்டுப்போடுங்க."

அடுத்த ஆடியில் ஆனைமலைக்குப் போகவேண்டும் என்றேன். நீங்களும் பஸ் ஏறி வந்தீர்கள். வேன் கவிழ்ந்த வளைவில் நான் அலறியபோது பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நீங்கள் என் கையை விடவில்லை.

கோயில் வாசலில் நின்றுகொண்டீர்கள். "நான் இங்கயே இருக்கேனுங்க. உங்க சாமிகிட்ட கேக்க வேண்டியத எல்லாம் கேட்டுட்டு வாங்க."

அங்கே நியாயம் கேட்பவர்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். நானும் அரைத்துப் பூசினேன். வேன் டிரைவர்மேல் அல்ல, அந்த அம்மன்மேலேயே கோபப்பட்டு. கோமதி போனபின் அன்றுதான் வாய்விட்டு அழுதேன். வெளியே வந்தபோது நீங்கள் கண்மூடி நின்றிருந்தீர்கள். மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்து நான் துடித்ததும் ஓடிவந்து தண்ணீர் ஊற்றினீர்கள். "கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

நீங்கள் போன செய்தி தாமதமாகத்தான் வந்தது. கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். உங்களை முழுதாக நம்பினேனா என்று அங்கே நின்றும் எனக்குத் தெரியவில்லை. நான் மதம் மாறவில்லை, நீங்களும் மாறவில்லை.

இன்றும் யாராவது அளவுக்கு மீறி அன்பு காட்டினால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது. அதை உள்ளே வைத்துப் புழுங்குவதில்லை, முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பதில் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர்களை நான் விடுவதில்லை.