கழிவு வெளியேறுகிறது என்றார்

மச்சான்,

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலையில் நடக்க வருகிறவர்களுக்காக ஒரு சாறு வண்டி நிற்கிறது. இன்று அதைக் கடக்கும்போது அரைத்த வெண்பூசணியின் பச்சை வாடை மூக்கில் ஏறியது. வண்டிக்காரர் தம்ளரை நீட்டி, "குட்சிப் பாரு சார், வயித்துப்புண்ணெல்லாம் ஆறிடும்" என்றார். "வாயை மூடுய்யா" என்று சொல்லிவிட்டேன். பாவம், அவருக்கு என்ன தெரியும். நீ போய் இத்தனை வருடம் ஆகியும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் அடுத்தடுத்த லேத் மெஷினில் நின்றோம். மலத்தில் ரத்தம் போவதை நீ ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்ததும் நான்தான் உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பெருங்குடல் முழுக்கப் புண், ஆயுசுக்கும் மாத்திரை என்றார் டாக்டர். "இன்னா சாப்பிடணும் சார்?" என்று கேட்டாய். அவர் தலை நிமிராமல், "காரத்தைக் குறை" என்று சீட்டை நீட்டினார். இரண்டே நிமிடம். அவர்மேலும் எனக்குக் கோபம்தான்.

பிறகு நீ தேடிப்போன கரையான்சாவடி இயற்கை வைத்தியர் உன்னோடு ஒரு மணி நேரம் பேசினார். சின்ன வயதில் என்ன சாப்பிட்டாய், எதற்குப் பயப்படுவாய் என்றெல்லாம் கேட்டார். வெளியே வந்து, "இவரு ஒருத்தருதான் மச்சான் என்னை மனுசனா பாத்தாரு" என்றாய். அடுப்பில் ஏறியதெல்லாம் செத்த உணவு என்பது அவர் கட்சி. காலையில் பூசணிச் சாறு, மதியம் தேங்காயும் வாழைப்பழமும், மாலையில் முளைகட்டிய பயறு. பூசணிக்காயை சைக்கிளில் கட்டி எடுத்து வந்ததே நான்தான். முதல் மாதம் ரத்தம் நின்றது. அப்போது மாத்திரையும் போட்டுக்கொண்டுதான் இருந்தாய். பேர் என்னவோ தேங்காய்க்குப் போனது. "மருந்தும் விஷம்தான்" என்று அவர் சொன்ன அன்றே மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினாய்.

மறுபடி ரத்தம் வந்தது. "கழிவு வெளியேறுது, நல்ல அறிகுறி" என்றார். நம்பினாய். கன்னம் ஒட்டியது, பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. உன் மனைவி ஸ்டெல்லா சோற்றைக் குழைய வடித்து மோர் ஊற்றி வைத்தால் தட்டைத் தள்ளினாய். நான் கத்தினேன். "பச்சையா துன்னு, வாணான்னு சொல்லல. மாத்திரைய ஏன்டா நிறுத்துன?"

"நீ இன்னா டாக்டரா மச்சான்?"

அந்த ரோஷத்தில் மூன்று வாரம் உன் வீட்டுப் பக்கமே வரவில்லை. நீயும் வேலைக்கு வரவில்லை. உன்னை மன்னித்துவிட்டேன். என்னுடைய அந்த மூன்று வாரத்தை மன்னிக்க முடியவில்லை.

நான்காவது வாரம் ஸ்டெல்லா கம்பெனி கேட்டில் வந்து நின்றாள். "அண்ணா, அவரால எழுந்துக்கவே முடியல." ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து கிடந்தாய். வயிறு பலகைபோல இறுகியிருந்தது. குடலில் ஓட்டை விழுந்திருக்கிறது, ரொம்ப லேட் என்றார்கள். ஆபரேஷனுக்கு உள்ளே போன நீ உயிரோடு திரும்பவில்லை.

அடக்கத்துக்கு அந்த வைத்தியரும் வந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் எல்லோர் காதிலும் விழும்படி, "சமைச்சது எதையோ ரகசியமா சாப்ட்டிருப்பாரு" என்றார். ஸ்டெல்லாவின் முகம் வெளுத்தது. பிறகு தனியாக என்னிடம் சொன்னாள், கடைசிக்கு முந்தின நாள் நீயே கேட்டு இரண்டு வாய் ரசம் சோறு சாப்பிட்டாயாம். "நான்தான் கொன்னுட்டனா அண்ணா?"

அந்த ஆளை அங்கேயே அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. அவர் ஒரு வாக்கியத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அவள் இன்றுவரை அதைச் சுமக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறையாவது அதே கேள்வியைக் கேட்பாள். சோறு கொல்லவில்லை, மருந்தை விட்டதுதான் என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். போன கிறிஸ்துமஸுக்கும் கேட்டாள். இந்த முறை நான் திருப்பிக் கேட்டேன்: "அந்த ரசம் சோத்த சாப்ட்டுட்டு அவன் இன்னாம்மா சொன்னான்?"

நினைவுபடுத்திக்கொண்டு சொன்னாள்:

"நல்லா கீதுன்னாரு."

உன் அந்த வார்த்தையை இப்போது நானும் வைத்திருக்கிறேன், மச்சான். கோபம் ஒரு துளியும் குறையவில்லை. அதன் பக்கத்திலேயே இதுவும் இருக்கிறது.