பலகையில் ஐந்து பெயர்

செவ்வாய்க்கிழமை

தங்கச்சி காலில் போட்டிருந்த வெள்ளைச் சப்பாத்தில் சேறே இல்லை. இந்த மழையில் பள்ளிக்கூடம் போய் வந்திருந்தால் அப்படி இருக்காது. கேட்டேன். வீட்டுக்கு அடுத்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாளாம்.

அம்மா குவைத்துக்குப் போனதிலிருந்து அவள் வகுப்பில் அழுகிறாள். அதை ஆலோசனை டீச்சரிடம் தனியாகச் சொல்லியிருக்கிறாள். டீச்சரோ நேற்றுக் காலைக் கூட்டத்தில், ஆலோசனைக்கு வர வேண்டியவர்கள் என்று ஐந்து பெயரை மைக்கில் வாசித்தாராம். இப்போது ஏழாம் ஆண்டு வகுப்பு முழுக்க இவளைப் பைத்தியம் என்கிறது.

"நானும் ஒன்னய மாதிரி நின்னுக்கிறேன்க்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஒன்பதாம் ஆண்டோடு நின்றதே இவள் படிக்கத்தான். குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சர் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"தனியா சொன்னத ஏன் டீச்சர் மைக்குல சொன்னீங்க?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பேரத்தானே வாசிச்சேன்? நல்லதுக்குச் செஞ்சாலும் தோட்டத்து ஆளுங்களுக்கு ரோசம் மட்டும் வந்துரும்."

அவருக்குப் பின்னால் அறிவிப்புப் பலகையிலும் அதே ஐந்து பெயரைக் குத்தி வைத்திருந்தார்கள். டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.