சின்ன ஏரியின் கிழக்குப் பாதியை விட்டுவைக்க வேண்டுதல்

அனுப்புநர்:
திருமதி அனுசுயா மகாலிங்கம் (வயது 77),
மேலத் தெரு, நொச்சிக்குட்டை,
திருவெள்ளறை வழி,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: தங்கள் வருகையை முன்னிட்டுச் சின்ன ஏரியில் நடைபெறும் துப்புரவுப் பணியை உடனே நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது விண்ணப்பம், நாள் 04.08.2025.
2. தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 28.11.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர்ச் சின்ன ஏரியில் பறவைகளுக்கு இடம் அமைத்துவரும் தன்னார்வக் குழுவுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வழங்க, வரும் 16ஆம் தேதி செவ்வாய்க்கிழமை தாங்கள் நேரில் வருவதாகக் கடிதம் வந்தது. நன்றி. தாங்கள் வரும்போது ஏரி சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று ஊராட்சியின் ஏற்பாட்டில் 9ஆம் தேதி அதன் மேற்குப் பாதிச் சம்புப் புதர் பொக்லைன் இயந்திரத்தால் வழிக்கப்பட்டது. கிழக்குப் பாதியைத் திங்கட்கிழமை காலை வழிக்கப்போகிறார்கள். அங்கே நீலத்தாழைக்கோழியின் கூடுகள் மூன்று இருக்கின்றன. இரண்டில் முட்டைகள், ஒன்றில் நான்கு குஞ்சுகள். தாங்கள் பாராட்ட வருவது இந்தப் பறவைக்காகத்தான்.

2. நான் 1971இல் திருமணமாகி இவ்வூருக்கு வந்தேன். அப்போது ஏரி முழுவதும் ஆள் உயரத்துக்குச் சம்பும் கோரையும் நின்றன. என் கணவர் திரு. மகாலிங்கம் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். மாலையில் சைக்கிளை நிறுத்தியதும் இரண்டு மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போவார். நான் பின்னால் காப்பி கொண்டுபோவேன். நீலக்கோழிகள் சிவப்புக் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து வெளியே வரும். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் பட்டுப்புடவைக்காரிகள். இருட்டும்வரை நாங்கள் அதிகம் பேசியதில்லை. பேசத் தேவைப்படவில்லை.

3. பிறகு சம்பை ஆண்டுதோறும் கொளுத்தினார்கள். சீமைக்கருவேலம் ஏறியது. 1998க்குப் பின் ஒரு நீலக்கோழியும் வரவில்லை. என் கணவர் 2009இல் காலமானார். கடைசி வருடத்திலும் நாற்காலியோடு கரைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

4. 2019இல் குவைத்திலிருந்து ஊர் திரும்பிய திரு. ஜெகபர் சாதிக், கருவேலத்தை வெட்டத் தொடங்கினார். அவரோடு சேர்ந்தவர்கள் நூறு நாள் வேலைக்குப் போகும் திருமதி பவுனம்மாளும் வேறு ஒன்பது பேரும். கொள்ளிடக் கரையிலிருந்து சம்பு வேர்களைச் சாக்கில் கட்டித் தம் மொபெட்டில் கொண்டுவந்தவர் ஜெகபர் சாதிக். இடுப்பளவு சேற்றில் நட்டவர் பவுனம்மாள். எனக்கு முழங்கால் வளையாது. ஆகவே பதிவேடு எழுதும் பொறுப்பை ஏற்றேன். நான் திருச்சியில் கன்னியர் நடத்திய பள்ளியில் படித்தவள். பார்க்காததை எழுதக் கூடாது, பார்த்ததை விடக் கூடாது என்று அங்கே பழக்கினார்கள்.

5. 2022 நவம்பர் 17, காலை 6.40: நீலத்தாழைக்கோழி ஒன்று, வடமேற்கு மூலை. இருபத்து நான்கு வருடங்களுக்குப் பிறகு. வீட்டுக்கு ஓடிவந்து சொல்ல ஆள் இல்லை. ஆகவே பதிவேட்டில் எழுதினேன்.

6. சான்றிதழுக்கு விண்ணப்பித்தது நான். குழுவில் வேறு யாரும் கேட்கவில்லை. எங்கள் வேலை ஒரு பெரிய அலுவலரின் கண்ணில் பட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. 9ஆம் தேதி காலை இயந்திரச் சத்தம் கேட்டபோது, பந்தல் சாமான் இறக்கும் லாரி என்றே நினைத்தேன். தங்களுக்கான வரவேற்புரையை மூன்றாம் முறையாகப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. ஜெகபர் சாதிக் அப்போது வாழைத்தாரோடு காந்தி மார்க்கெட்டில் இருந்தார். பவுனம்மாள் மட்டுமே முழங்கால் நீரில் இறங்கி, கைகளை விரித்து இயந்திரத்தை மறித்தார். கிழக்குப் பாதி மிஞ்சியது அதனால்தான்.

7. சத்தம் நிற்காததால் பிறகு நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே நடந்த பேச்சை மாற்றாமல் தருகிறேன். ஊராட்சி மேற்பார்வையாளர் சொன்னது: "ஆபீசர் வர்றாரும்மா. இப்படிப் புதராக் கிடந்தா எங்களத்தான் கேப்பாரு." பவுனம்மாள் சொன்னது: "பொண்ணு பாக்க வர்றாங்கன்னு பொண்ணுக்கே மொட்டை அடிச்சிட்டீங்களே, தம்பி." டிரைவர் சிரித்துவிட்டார். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை, மீதியைத் திங்களன்று ஆள் கூட்டிவந்து முடிப்பதாகச் சொல்லிப் போனார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. சுத்தம் என்றால் அவருக்குத் தெரிந்தது அதுதான். மேற்குப் பாதியில் இருந்த இரண்டு கூடுகளை அன்று மாலை பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்தேன்.

8. ஆகவே தங்களிடம் வேண்டுவது:

(அ) கிழக்குப் பாதியில் இயந்திரமோ ஆட்களோ இறங்கக் கூடாது என்று திங்கட்கிழமைக்கு முன் எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். இன்று வெள்ளிக்கிழமை என்பதை நினைவூட்டுகிறேன்.

(ஆ) 16ஆம் தேதி விழாவை ரத்து செய்ய வேண்டும். பந்தலும் ஒலிபெருக்கியும் கரையில் வேண்டாம். விழா இன்றிச் சான்றிதழ் தர விதி இடம் தராவிட்டால், எனது விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

9. அதனால் எங்களுக்கு வருத்தமில்லை என்று எழுதினால் பொய்யாகும். பவுனம்மாள் அன்றைக்கென்று புதுச்சேலை எடுத்து வைத்திருக்கிறார். நேற்று நான் விவரம் சொன்னபோது, "சேலை எங்க போகுதுங்கம்மா, பொங்கலுக்குக் கட்டிக்கிறேன்" என்றார்.

10. குஞ்சுகள் தாமாக இரை தேடப் பிப்ரவரி இறுதி ஆகும். அதன்பின் ஒரு நாள், அறிவிப்பு ஏதும் இல்லாமல், காலை ஆறரை மணிக்குள் தாங்கள் வர வேண்டும். காரைக் கோயில் அருகே நிறுத்திவிட்டு நடந்து வந்தால் நல்லது. கரையில் இப்போதும் இரண்டு நாற்காலிகள் போடுகிறேன். ஒன்றில் பதினாறு வருடங்களாக யாரும் உட்காரவில்லை. தாங்கள் அதில் உட்காரலாம்.

இடம்: நொச்சிக்குட்டை
நாள்: 12.12.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
அனுசுயா மகாலிங்கம்

இணைப்பு: பறவைப் பதிவேட்டின் நகல், பக்கங்கள் 1 முதல் 46 வரை. மூலப் பதிவேடு என்னிடம் உள்ளது. அதைக் கொடுத்தனுப்ப இயலாது.